உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு ஒரு காலி நாற்காலி

தெருவில் அவளை எல்லோரும் கோச்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்வீட்டுக்காரர் முதல் நாளே, "என்ன கோச்சு, அம்மா? ரயில் பெட்டியா, பந்தாட்டமா?" என்று கேட்டுவிட்டார். இரண்டும் இல்லை. மேனேஜர்களுக்கு மேனேஜராக இருக்கக் கற்றுக்கொடுக்கிற வேலை. அப்படியும் ஒரு வேலையா என்றால், ஆமாம், அப்படியும் ஒரு வேலைதான். பிள்ளை பெற்றவளுக்கெல்லாம் வளர்க்கத் தெரிந்துவிடுகிறதா? பதவி கிடைத்தவனுக்கெல்லாம் நாலு பேரை வைத்து வேலை வாங்கத் தெரிந்துவிடுகிறதா? தெரியாதவர்கள்தான் உலகத்தில் அதிகம். அதனால் அவளுக்கு வேலைக்குக் குறைவில்லை.

ஆள் ஒடிசல். ஐம்பதைத் தொடப்போகிற வயது. குரல் மட்டும் பாலாடை மாதிரி மெத்தென்று இருக்கும். அந்தக் குரல் பிறவியில் வந்ததில்லை, பழக்கி வரவழைத்தது.

முன்பு ஒரு காப்பீட்டு ஆபீசில் அவள் ஒரு பிரிவுக்குத் தலைவி. ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பெண் ஏதோ ஒரு பாலிசியைத் தப்பாகப் பதிந்துவிட்டாள். "மூளைய வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியா? கை எதுக்கு இருக்கு, சோத்துல வைக்கவா?" என்று இவள் போட்ட சத்தத்தில் மொத்த மாடியும் அடங்கிப்போனது. அந்தப் பெண் அழக்கூட இல்லை. தோளை ஒடுக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. திட்டின வார்த்தை அத்தனையும் அப்பாவுடையது. மூச்சு விடுகிற இடம் உட்பட. அந்தத் தோளை ஒடுக்கிக்கொண்ட விதம் தன்னுடையது.

அன்றைக்குக் கழிப்பறையில் போய் உட்கார்ந்தவள், வேறு ஆளாகத்தான் எழுந்து வந்தாள் என்று சொல்லலாம். ஆனால் ஒரே நாளில் யாரும் வேறு ஆளாகிவிடுவதில்லை. வருஷக்கணக்காயிற்று. மனசு வைத்தியரிடம் போனாள், மூச்சுப் பயிற்சிக்குப் போனாள், பேசாமல் உட்கார்ந்திருக்கும் கூட்டங்களுக்குப் போனாள். இப்போதும் காலையில் எழுந்ததும் சமையலறை ஜன்னல் ஓரம் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கண்ணை மூடி உட்காருவாள். விளக்கு கிடையாது, படம் கிடையாது. "சாமி, இன்னைக்கு என் நாக்குல நீ வந்து உக்காரு. இல்லன்னா எங்கப்பா உக்காந்துருவாரு." அவ்வளவுதான் அவளுடைய பூசை.

அவள் சொல்லிக்கொடுப்பதும் அந்த இடத்திலிருந்து வந்ததுதான். "யாரும் ஆபீசுக்குத் தனியா வர்றதில்ல. பின்னாலயே அப்பா, அம்மா, வாத்தியார், பழைய முதலாளி, எல்லாரும் வரிசையா வர்றாங்க. சொத்து பிரிக்கறப்போ வீட்டப் பாக்கறோம், நகையப் பாக்கறோம். குரல் யார் பங்குக்கு வந்துச்சுன்னு யாரும் பாக்கறதில்ல. நீங்க வாயத் திறக்கறப்போ பேசறது யாருன்னு கொஞ்சம் கேளுங்க. வச்சுக்க வேண்டியத வச்சுக்குங்க. மத்தத மரியாதையா திருப்பிக் குடுத்துடுங்க."

திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு வழியும் வைத்திருந்தாள். அறை நடுவில் ஒரு காலி நாற்காலியைப் போடுவாள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் அதில் இருப்பதாக நினைத்துச் சொல்ல வேண்டும். முதலில் தானே செய்து காட்டுவாள்.

"எங்கப்பா பாட்டில் ஃபேக்டரியில ஃபோர்மேனா இருந்தாரு. உலைச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி, வீட்டுலயும் அதே சத்தம்தான். ஆனா அவருக்குக் கீழ வேலை பாக்கற ஒருத்தன முதலாளி ஏசினா விடமாட்டாரு. 'திட்டறதா இருந்தா நான் திட்டறேன், நீங்க யாரு?'ன்னு நெஞ்ச நிமித்தி நிப்பாரு." பிறகு நாற்காலிப் பக்கம் திரும்புவாள். "அப்பா, நீங்க குடுத்த தைரியத்த வச்சுக்கறேன். நீங்க குடுத்த பயத்த உங்ககிட்டயே குடுத்துடறேன்." கண்ணில் நீர் வரும். கூடத்தில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சுவார்கள். கணக்குப் பிரிவு ஆட்கள்கூட.

கேட்கிறவர்கள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். அப்பாவோ அவள் வீட்டு நடு அறையில், ஜன்னல் ஓரம், கை வைத்த நிஜ நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். பக்கவாதம் வந்து வலது கை போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. காதும் புத்தியும் அப்படியே இருந்தன. வந்து சேர்ந்ததிலிருந்து அவள் அவரைக் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், மாத்திரை கொடுப்பாள். மனசு விட்டு ஒரு வார்த்தை பேசினதில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: "வார்த்தைய நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. லேட்டாகும். அவரே தேடி எடுக்கட்டும்." கேட்டால்தானே! அவர் "த..." என்றால் இவள் "தண்ணியா?" என்பாள். "டி..." என்றால் டிவி ரிமோட்டைக் கையில் கொடுத்துவிடுவாள். ஊரெல்லாம் போய் 'காது கொடுத்துக் கேளுங்க' என்று பாடம் எடுக்கிறவள், பெற்ற தகப்பன் ஒரு வார்த்தையை முடிக்க விட்டதில்லை. வைத்தியர் வீட்டு நோயாளிக்குத்தான் வைத்தியம் கிடைக்காது.

அவள் புருஷன் நல்ல மனுஷன், வாய் மட்டும் சும்மா இருக்காது. "ஏம்மா, உங்கப்பா உயிரோட இருக்காருன்னு உன் மேனேஜருங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டான்.

"செத்துட்டாருன்னு நான் எங்கயும் சொன்னதில்லையே."

"இருக்காருன்னும் சொன்னதில்லையே."

அவள் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பிரிவின் தலைவர்களுக்கும் பயிற்சி. வழக்கம்போல நாற்காலியைப் போட்டுவிட்டு, வெள்ளைப் பலகையில் ஏதோ எழுதத் திரும்பினாள். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தால், நாற்காலியில் ஒரு கனத்த அம்மாள் ஷூவைக் கழற்றிவிட்டு சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். எலும்பு முறிவு வார்டின் தலைமை நர்ஸ்.

"சிஸ்டர்... அது காலியா இருக்கணும்."

"காலியாத்தான் இருந்துச்சு மேடம். காலு வலிச்சுது, உக்காந்தேன்."

"அதுல நாம ஒருத்தர மனசுல உக்கார வைக்கப் போறோம்."

"வரட்டும், எந்திரிச்சுக்கறேன்."

கூடம் சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று. கோச்சம்மாவும் சிரித்தாள். நர்ஸ் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போனார். பிறகு அப்பா கதை நடந்தது, கண்ணீர் வந்தது. சிரித்த நர்ஸே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேநீர் இடைவேளையில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மனச உலுக்கிட்டீங்க மேடம். எங்கப்பாவும் போய்ட்டாரு. போனப்புறம்தான் தெரியுது" என்றார். கோச்சம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. வாயையும் திறக்கவில்லை. தப்பு அங்கேதான்.

அதே ஆஸ்பத்திரியில்தான் அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி. எப்போதும் புருஷன் கூட்டிப்போவான். அந்த வாரம் அவனுக்குப் பல் வலி, கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. அவளே போனாள். சக்கர நாற்காலியில் அப்பாவை வைத்துத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் வாசலில் நின்றாள். கதவு திறந்தது. உள்ளே தலைமை நர்ஸ்.

"அட, மேடம்! இங்க எங்க? இவரு யாரு, மாமனாரா?"

அவளுக்கு ஒரு பொய் சொல்லத் தோன்றியது உண்மை. ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "எங்கப்பா."

நர்ஸ் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அப்பாவா? அப்போ அந்த நாற்காலில அப்பாகிட்ட பேசுனீங்களே... செத்துட்டாருன்னுல்ல நெனச்சோம்..."

"அப்படி நான் சொல்லலையே சிஸ்டர்."

"சொல்லல. ஆனா அழுதீங்களே."

சொன்ன பிறகுதான் நர்ஸுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். லிஃப்ட் கதவு தானாக மூடிக்கொண்டது. அப்பா கழுத்தைத் திருப்பி மகளை அண்ணாந்து பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது பழகின சரக்கு.

பயிற்சிக்கு உள்ளே போகமாட்டேன் என்று சக்கரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும் அலமாரிக்கு மேலே இருந்த பையைக் காட்டினார். பிறகு ஃபோனைக் காட்டினார். பிறகு பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த, அவளுடைய அண்ணன் குடும்பத்துப் படத்தைக் காட்டினார்.

வீங்கிய கன்னத்தோடு புருஷன்தான் புரிந்துகொண்டு சொன்னான். "அண்ணன்கிட்ட போகணுமாம்."

அண்ணன் இருப்பது ஒரு நாள் முழுக்கக் காரில் போக வேண்டிய ஊர். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்றான். அப்பாவின் உடம்பும் வயதும் இருக்கிற இருப்பில், போனால் திரும்பி வரமாட்டார். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. 'உயிரோடு இருக்கும்போதே மகள் எனக்குக் காரியம் செய்துவிட்டாள்' என்ற நினைப்போடு அந்த மனுஷர் போய்விடுவார். அவளுக்கு இனி நிஜமாகவே காலி நாற்காலிதான் மிஞ்சும்.

மன்னிப்புக் கேட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் எதிரே உட்கார்ந்து, "உங்க வலி எனக்குப் புரியுதுப்பா. அந்த உணர்வ நான் மதிக்கறேன்" என்று ஆரம்பித்தாள். அப்பா ரிமோட்டை எடுத்தார். என்றைக்கும் சத்தமில்லாமல் ஓடுகிற டிவியைச் சுவர் அதிரும்படி வைத்தார்.

சமையலறையிலிருந்து புருஷன் தலையை நீட்டினான். "அந்த மேனேஜர் குரல்ல பேசாதம்மா. கேக்கறதுக்கு அவருக்கு யாரும் சம்பளம் குடுக்கல."

"பின்ன எந்தக் குரல்ல பேசறது? எனக்கு வேற குரல் இல்ல!"

"இருந்துச்சு. எங்கயோ ஒளிச்சு வச்சுட்ட."

"நான் எல்லாத்தையும் கொட்டிடலாம். அவரால திருப்பிப் பேச முடியாதே. அது நியாயமாங்க?"

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சனிக்கிழமை காலை அவருக்கு முகம் மழிக்கிற நேரம். முறைப்பாக இருந்தாலும் இதற்கு மட்டும் அவர் மறுக்கவில்லை. மகன் வீட்டுக்குத் தாடியோடு போய் இறங்குகிற ஆள் இல்லை அவர். வேலைக்குப் போன காலத்தில் உலை வாசலுக்கே பளபளவென்று போனவர். அவள் துண்டைக் கழுத்தில் கட்டினாள், வெந்நீரால் துடைத்தாள், சோப்பை நுரைக்க நுரைக்கத் தடவினாள். வலது கன்னத்தை முடித்தாள். அந்தப் பக்கம் சற்றே தொங்கிப் போயிருந்ததால் தோலை விரலால் இழுத்துப் பிடிக்க வேண்டும். ரேசரைக் கிண்ணத்தில் அலசி, இடது பக்கம் வந்தாள்.

"நா..." என்றார் அப்பா.

'நாளைக்கா?' என்பது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படியே கடித்துக்கொண்டாள். ரேசரைப் பிடித்தபடி நின்றாள்.

"நா... நா..."

அவர் நெற்றி நரம்பு புடைத்தது. கழுத்தில் வியர்வை. ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்து இந்தப் பாட்டை நிறுத்திவிடலாமே என்று அவள் நாக்கு பரபரத்தது. நிறுத்தவில்லை. கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளைத் தோலாக உரிந்தது. ஜன்னல் ஓரத்தில் தினமும் கண்ணை மூடி உட்கார்ந்ததற்கெல்லாம் அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு உபயோகம் தெரிந்தது.

"நா...ற்...காலி."

"ஆமாப்பா."

"என்ன... சொ...ன்ன?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஏன் சாகடித்தாய் என்று கேட்பார் என்றிருந்தாள். நாற்காலியில் இருந்த தன்னிடம் மகள் என்ன சொன்னாள் என்று அந்தக் கிழவர் கேட்கிறார்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா... வகுப்புக்குச் சொல்றது."

அவர் இடது கையால் நாற்காலிக் கையில் அடித்தார்.

"சரி. சொல்றேன். 'நீங்க குடுத்த தைரியத்த வச்சுக்கறேன், நீங்க குடுத்த பயத்த...'"

பாலாடைக் குரல். அப்பா தலையை ஆட்டினார். இல்லை, இல்லை, இது இல்லை. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"க...த்து."

"என்னப்பா?"

"கத்து!"

அவள் கத்தினாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. "எதுக்குப்பா அப்படி? எதுக்கு? தெருமுனையில உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே நான் கட்டிலுக்கடியில போயிருவேன், தெரியுமா உங்களுக்கு? பாட்டு வாத்தியாரு என்னை நல்லா பாடறேன்னு சொன்ன அன்னைக்கு, வீட்டுல வாயத் திறந்தேன்னு கத்துனீங்க. அப்புறம் நான் பாடவே இல்ல! இன்னைக்கு வரைக்கும் குளியலறையிலகூடப் பாடல! அம்மா மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கறாங்க, எந்திரிடின்னு அம்மாவப் பாத்துக் கத்தறீங்க! எந்திரிக்க முடிஞ்சா எந்திரிச்சிருக்க மாட்டாங்களா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், மெதுவா பேசியிருந்தா என்னப்பா? என்ன கொறஞ்சு போயிருக்கும் உங்களுக்கு?"

கையில் கரண்டியோடு புருஷன் ஓடி வந்தான். கண்ட காட்சி: ரேசரை ஆட்டிக்கொண்டு நிற்கிற பொண்டாட்டி, பாதி முகம் நுரையோடு மாமனார்.

"ஐயையோ, வெட்டிட்டியா?"

கீழ்வீட்டுக்காரர் வாசலில் மணி அடித்தார். "கோச்சம்மா! எல்லாம் சரிதானே?" அவர் அந்த வீட்டில் இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை.

"சரிதான்! போங்க!" என்று அவள் அங்கேயும் கத்தினாள்.

அப்பா அழுதுகொண்டிருந்தார். நல்ல கன்னத்துக் கண்ணீர் காய்ந்த நுரையில் இரண்டு கோடு போட்டு இறங்கியது. நியாயம் சொல்ல வாயெடுக்கவில்லை. உலைச் சத்தம், வயிற்றுப்பாடு, அந்தக் காலம் என்று எந்தச் சாக்கும் சொல்லவில்லை. பேச்சு இருந்திருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ, ஆண்பிள்ளைதானே. இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சில் அவர் தேடி எடுத்தது ஒன்று.

"தெ...ரியும்."

அவள் ரேசரைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். எத்தனை ஊரில், எத்தனை கூடத்தில், எத்தனை நாற்காலியிடம் சொல்லியிருப்பாள்! ஒரு நாற்காலியும் 'தெரியும்' என்று சொன்னதில்லை. அப்பா இடது கையை அவள் தலையில் வைத்தார். தடவத் தெரியாத கை. சும்மா வைத்திருந்தார்.

"பாதி மொகத்தோட விட்டுடாத, ஆள் பாக்கற மாதிரி இல்ல" என்றான் புருஷன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வகுப்பில் அவள் நாற்காலியைப் போட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "நீங்க பேசப்போற ஆள் உயிரோட இருக்காரா?" என்பதுதான். "இருக்காருன்னா இங்க என்ன வேலை? வெளிய போயி ஃபோன் போடுங்க." பாதிக் கூடம் காலியாயிற்று. தலைமை நர்ஸ் மறுபடியும் போய் அதில் உட்கார்ந்துகொண்டார், யாரும் எழுப்பவில்லை. அது அடுத்த வாரம். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்தது.

அண்ணன் மத்தியானம் வந்தான். பெரிய உருவம், கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே பேசுகிற பழக்கம். "என்ன, ரெடியா? இருட்டறதுக்குள்ள பாதித் தூரம் போயிடணும். அப்பா, கெளம்பலாமா?"

அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கினார். "போ..."

"போலாமா? இதோ, பைய எடுத்துக்கறேன்."

"அண்ணா, சும்மா இரு" என்றாள் அவள். "இன்னும் முடிக்கல."

"என்ன முடிக்கல? பாத்ரூமாப்பா? தண்ணியா?"

"எடுத்துக் குடுக்காத. வரும். உக்காரு."

அண்ணனுக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. சாவியைச் சுற்றினான், அவள் முறைத்தாள், நிறுத்தினான். மூன்று பேரும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போ...கல."

"போகலையா?" அண்ணன் எழுந்துவிட்டான். "வான்னதும் நாய் மாதிரி ஓடி வந்தேனே! முந்தாநாள் ராத்திரி உங்களுக்கு ரூம் ஒழிச்சு, கட்டில் போட்டு... எப்பவும் இதேதான். அவ வீடுன்னா இருப்பீங்க, என் வீடுன்னா கசக்கும்."

அப்பா மறுபடி கையைத் தூக்கினார். இந்தத் தடவை யாரும் குறுக்கே பேசவில்லை.

"நீ... இரு."

அண்ணன் நின்றான். அப்பா தன் பக்கத்தில் இருந்த இருக்கையை இடது கையால் இழுக்கப் பார்த்தார். அது நகரவில்லை. அண்ணனே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அப்பா மகனின் முகத்தைப் பார்த்தார். மகளுக்குப் பிறகு இந்த முகம். இதுவும் ஒரு காலத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த முகம்தான். அப்போது அந்தக் கட்டிலுக்கு அடியில் இரண்டு பேருக்கு இடம் போதாது.

"உன...க்கு?"

"எனக்கு என்னப்பா?" என்றான் அண்ணன். "எனக்கு என்ன வேணும்? ஒண்ணும் வேணாம்."

அப்பா விடவில்லை. காத்திருந்தார். காத்திருக்க அவருக்கு இப்போது வேறு வேலை ஒன்றும் இல்லை.

உனக்கும் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார், கோச்சம்மாவுக்குப் புரிந்துவிட்டது. விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். புருஷன் அவள் முழங்கையைப் பிடித்தான். "வா, நாம பாத்திரம் கழுவுவோம்."

"சாப்பிடவே இல்லையேங்க, என்ன பாத்திரம்?"

"காலைல குடிச்ச டம்ளர் இருக்கு. வா."

சமையலறைக்குப் போனார்கள். அவள் ஒரே டம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடு அறையில் சாவி மேசைமேல் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணன் தொண்டையைக் கனைத்தான். பிறகு ஏதோ சொன்னான், மெதுவாக. பிறகு கொஞ்சம் பலமாக. "நான் மட்டும் என்னப்பா..." என்று ஆரம்பித்து, அந்தக் கனத்த குரல் பிள்ளைக் குரலாக உடைந்து ஏறியது.

அவள் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாத்திரத் தொட்டியில் சோவென்று கொட்டியது. அது அவர்கள் பேச்சு. காதில் விழ வேண்டியவருக்கு விழுந்தால் போதும்.